கடைசி ஐந்து சென்டிமீட்டர்

1984ல் ஐபிஎம் வெளியிட்ட பிசி ஏடி கம்ப்யூட்டரைத் திறந்தால், மதர்போர்டில் ஒரு சின்ன உலோக டப்பி தெரியும். உள்ளே குவார்ட்ஸ் படிகம். நொடிக்கு ஒரு கோடியே இருபது லட்சம் முறை அதிரும். அதை இரண்டால் வகுத்து, 6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 80286 பிராசஸர் ஓடும். அந்தப் படிகத்தைப் பலகையோடு பற்றவைக்காமல் சாக்கெட்டில் செருகி வைத்திருந்தார்கள். செருகி வைத்ததைப் பிடுங்க யாருக்குத்தான் கை துறுதுறுக்காது? 16 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்றை வாங்கி அந்த இடத்தில் பொருத்தினால் அதே பிராசஸர் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. சில டாலர் செலவில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகம். ஐபிஎம்முக்கு இது பிடிக்கவில்லை. பின்னால் வந்த ஏடிகளின் பயாஸில், வேகம் வரம்பை மீறினால் கம்ப்யூட்டரைக் கிளம்பவே விடாத ஒரு சோதனையைச் சேர்த்துவிட்டது.

ஒரு பக்கம் பூட்டு, மறுபக்கம் கள்ளச்சாவி. பிராசஸரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கின் நாற்பது வருடக் கதையை இப்படிச் சொல்லிவிடலாம். அந்தக் கதையின் பெரும்பகுதி மதர்போர்டில்தான் நடந்தது.

கதையின் உச்சக்காட்சி 1998 ஆகஸ்டில். இன்டெல்லின் மலிவு விலை பிராசஸரான செலரான் 300ஏ சந்தைக்கு வந்தது. மதர்போர்டு தரும் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை உள்ளே 4.5ஆல் பெருக்கி 300 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது அதன் வேலை. பெருக்கும் எண்ணை இன்டெல் பூட்டியிருந்தது. ஆனால் பெருக்கப்படும் எண் போர்டின் கையில் இருந்ததே! 66ஐ 100 ஆக்கினால் விடை 450. அதே நாளில் வெளியான பென்டியம் 2ன் 450 மெகாஹெர்ட்ஸ் வகைக்கு விலை பல மடங்கு. பென்டியம் 2ல் கேஷ் நினைவகம் தனிச் சில்லுகளாக வெளியே உட்கார்ந்து பாதி வேகத்தில் ஓடியது; வேகத்தை ஏற்றினால் முதலில் மூச்சு வாங்குவது அந்தச் சில்லுகள்தான். செலரானில் 128 கிலோபைட் கேஷ் பிராசஸரின் சிலிக்கனிலேயே இருந்ததால் கூடவே ஓடிவந்தது. அபிட் நிறுவனத்தின் பிஎச்6 மதர்போர்டில் இந்த மாற்றத்தைச் செய்யத் திருப்புளிகூடத் தேவையில்லை. பயாஸ் திரையில் அம்புக்குறியை நகர்த்தினால் போதும். அந்த வசதி இல்லாத போர்டு வைத்திருந்தவர்கள், பிராசஸர் அட்டையில் பி21 என்ற ஒரே ஒரு தொடுமுனையை டேப் ஒட்டியோ நகப்பூச்சு தடவியோ மறைத்து, 100 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர்தான் செருகப்பட்டிருக்கிறது என்று போர்டை நம்பவைத்தார்கள்.

அந்தக் காலம் போய்விட்டது. 2011ல் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையிலிருந்து இன்டெல் எல்லாத் துடிப்புகளையும் ஒரே கயிற்றில் கட்டியது. அடிப்படைத் துடிப்பைச் சில சதவீதம் ஏற்றினாலே ஹார்ட் டிஸ்க் இணைப்பும் கிராபிக்ஸ் ஸ்லாட்டும் தடுமாறும். பெருக்கும் எண்ணை மாற்றும் உரிமை, பெயரின் கடைசியில் 'கே' உள்ள பிராசஸருக்கு மட்டும். அதுவும் உயர்வகைச் சிப்செட் உள்ள போர்டில் மட்டும். இன்று அது 'இசட்' என்ற எழுத்தில் தொடங்கும் வரிசை. ஏஎம்டி இந்த விஷயத்தில் தாராளம். அதன் சிப்செட்களில் 'எக்ஸ்' வரிசையிலும் 'பி' வரிசையிலும் ஓவர்கிளாக் உண்டு, 'ஏ' வரிசையில் கிடையாது. இதிலும் ஒரு பொறி இருக்கிறது: பி840 என்ற சிப்செட்டின் பெயரில் 'பி' இருந்தாலும் பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய முடியாது. பெயர் வைப்பவர்களுக்கு வாங்குபவர் மேல் என்ன கோபமோ தெரியவில்லை.

அண்மையில் என் அக்கா மகன், கல்லூரி மாணவன், கேமிங் கம்ப்யூட்டர் ஒன்றை அசெம்பிள் செய்யப் பட்டியலோடு வந்தான். பிராசஸர் ரைசன் 7 9800எக்ஸ்3டி என்று முடிவாகிவிட்டது. குழப்பம் மதர்போர்டில்.

"மாமா, இந்த போர்டுல 18 பேஸ் இருக்கு, அதுல 14தான். விலை ரெண்டு மடங்கு. எதை வாங்கட்டும்?"

"பேஸ்னா என்னடா?"

"பவர் சம்பந்தப்பட்டது. அதிகமா இருந்தா நல்லதுதானே?"

நல்லதுதான். எவ்வளவு நல்லது, எதுவரை நல்லது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

*

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து பிராசஸருக்கென்றே எட்டுப் பின் கேபிள் ஒன்று வரும். மதர்போர்டின் மேல் இடது மூலையில் செருகுவோம். அதில் வருவது 12 வோல்ட். பிராசஸருக்கு வேண்டியதோ ஏறத்தாழ 1.2 வோல்ட்தான். 9800எக்ஸ்3டிக்கு ஏஎம்டி வைத்திருக்கும் மின் வரம்பு 162 வாட். 12 வோல்ட்டில் அது 13.5 ஆம்பியர், கேபிளுக்கு ஒரு சுமையே அல்ல. அதையே 1.2 வோல்ட்டுக்கு இறக்கினால் 135 ஆம்பியர் ஆகிறது. ஒன்றரை டன் ஏசி ஏழு ஆம்பியர் அளவில் இழுக்கும். காரில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியிலிருந்து உறிஞ்சும் மின்னோட்டம்தான் 135 ஆம்பியருக்கு அருகில் வரும். அதற்குக் கட்டைவிரல் தடிமனில் கேபிள் போட்டிருப்பார்கள், வேலையும் இரண்டு நொடியில் முடிந்துவிடும். இங்கே பலகைக்குள் காகிதம்போல் படிந்த தாமிரத் தகட்டின் வழியாக மணிக்கணக்கில் ஓட வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸே நேரடியாக 1.2 வோல்ட் தந்துவிட்டால் என்ன? எலக்ட்ரீஷியன்கள் 'ஒரு ஸ்கொயர் எம்எம்' என்று சொல்லும் வயரில் ஆறு சென்டிமீட்டர் வெட்டி எடுத்தால், அதன் மின்தடை ஏறத்தாழ ஒரு மில்லி ஓம். வீட்டு வேலைக்கு அது பூஜ்யம் மாதிரி. ஆனால் 135 ஆம்பியர் அதன் வழியாகப் போனால் 0.135 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 1.2 கிளம்பி 1.065 போய்ச் சேரும். பிராசஸர் மயங்கி விழ அதுவே போதும். அந்த ஆறு சென்டிமீட்டரில் மட்டும் 18 வாட் சூடாக வீணாகும். அரை மீட்டர் கேபிளில் என்ன ஆகும் என்று கணக்குப் போட வேண்டியதே இல்லை.

அதனால் மின்சாரத்தை 12 வோல்ட்டாகவே முடிந்தவரை அருகில் கொண்டுவந்து, பிராசஸர் சாக்கெட்டின் வாசலில் வைத்து 1.2 ஆக இறக்குகிறார்கள். சாக்கெட்டைச் சுற்றி எல் வடிவில் ஹீட்சிங்க் மூடிய பகுதி இருக்கிறதே, அதுதான் இந்த இறக்குமதி நிலையம். விஆர்எம் என்பார்கள். அங்கிருந்து பிராசஸர் வரை உள்ள ஐந்து சென்டிமீட்டர் அளவிலான தூரம்தான் ஓவர்கிளாக் செய்பவர் மதர்போர்டுக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பங்குக்குக் காரணம். அல்லது காரணமாக இருக்க வேண்டும்.

விஆர்எம் வேலை செய்யும் விதம் அழகானது. 12 வோல்ட்டைத் தடையில் எரித்துக் குறைப்பதில்லை. அப்படிச் செய்தால் பத்தில் ஒன்பது பங்கு சூடாகவே போய்விடும். பதிலாக, மாஸ்ஃபெட் என்ற மின்னணுச் சுவிட்ச் 12 வோல்ட்டை நொடிக்குச் சில லட்சம் முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறப்பு. இந்தத் துண்டு துண்டான மின்சாரம் சோக் என்ற காயிலுக்குள் போகிறது. காயில் மின்னோட்டத்தில் திடீர் மாற்றத்தை அனுமதிக்காது. திறந்தபோது சேமித்ததை மூடியபோது கொடுக்கும். மிச்சமிருக்கும் அலைகளைக் கெபாசிட்டர்கள் விழுங்கிவிடும். சராசரியாக வெளியே வருவது 1.2 வோல்ட்.

ஒரு சுவிட்சும் ஒரு காயிலும் சேர்ந்தது ஒரு பேஸ். கிணற்றில் இரட்டைக் கமலை ஓட்டியதைப் பார்த்த தலைமுறைக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. ஒரு சால் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கீழே இறங்கும்போது மற்றது நிறைந்து மேலே ஏறும். வாய்க்காலில் நீர் அறுபடாது. எட்டுக் கமலை முறைவைத்து ஓடினால் வாய்க்காலில் நீர்மட்டம் ஆடக்கூடச் செய்யாது. எட்டுப் பேஸ் விஆர்எம் அதுதான். ஒவ்வொன்றும் சுற்றில் எட்டில் ஒரு பங்கு தள்ளித் திறக்கிறது.

இன்னொரு லாபமும் உண்டு. மின்தடையில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். 160 ஆம்பியரை நான்கு பேஸ்கள் பகிர்ந்தால் ஆளுக்கு 40. நாற்பதின் இருமடி 1600, நான்கு பேருக்கும் சேர்த்து 6400. அதே சுமையை எட்டுப் பேர் சுமந்தால் ஆளுக்கு 20, இருமடி 400, மொத்தம் 3200. ஆட்களை இரட்டித்ததும் மொத்தச் சூடு பாதியாகிவிட்டது. பதினாறு ஆனால் 1600. ஆனால் ஒவ்வொரு சுவிட்சும் திறந்து மூடுவதற்கே கொஞ்சம் மின்சாரம் தின்னும். அந்தச் செலவு ஆட்களோடு சேர்ந்து ஏறும். முதல் இரட்டிப்பில் கிடைத்த லாபம் மூன்றாவதில் கிடைக்காது.

இப்போது அட்டைப்பெட்டிக் கணக்குக்கு வரலாம். 18 பேஸ் என்பதை அவிழ்த்தால் பெரும்பாலும் 16ம் 2ம். பதினாறு பிராசஸரின் கோர்களுக்கு. இரண்டு, ரேமோடு பேசும் பகுதிக்கு. அந்தப் பதினாறிலும் கட்டுப்பாட்டுச் சில்லு எட்டுத் தனிச் சைகைகளை மட்டும் அனுப்பி, ஒவ்வொரு சைகைக்கும் இரண்டு சுவிட்சுகளை ஜோடியாகத் திறப்பது சகஜம். பதினாறு கமலைதான், ஆனால் இரண்டிரண்டாகச் சேர்ந்து இறங்குகின்றன. சூடு பகிர்வுக்கு இது பதினாறு. அலையடிப்பைக் குறைப்பதில் எட்டு. மோசடி இல்லை, முழு உண்மையும் இல்லை. 14 பேஸ் போர்டு 12ம் 2ம். அதன் சுவிட்சுகள் ஒவ்வொன்றும் 60 ஆம்பியர் தாங்கும் என்று வைத்தால், பன்னிரண்டுக்கும் சேர்த்து 720. ஆய்வுக்கூட நிலைமையில் சொன்ன எண் என்பதால் பாதியாக வெட்டினாலும் 360. நமக்கு வேண்டியது 135. அளவில்லாமல் ஓவர்கிளாக் செய்து 200க்குப் போனாலும் இடமிருக்கிறது.

"அப்போ விலை அதிகமான போர்டு ஏமாத்து வேலையா மாமா?" என்றான். ஏமாற்று இல்லை. 253 வாட்டில் ஓடும் கோர் ஐ9 14900கேயைப் பூட்டு அவிழ்த்து விரட்டுகிறவருக்கு அந்தப் பதினாறும் வேண்டியிருக்கும். எட்டுக் கோர் பிராசஸரில் விளையாடுகிறவருக்கு வேண்டியதில்லை.

*

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பகுதி எப்படிக் குளிர்கிறது என்பது. ஹீட்சிங்க் என்றால் பரப்பு. மெல்லிய தகடுகளாக வெட்டி, இடையில் காற்று புகும்படி செய்தால்தான் அது ஹீட்சிங்க். சில வருடங்களுக்கு முன் வந்த போர்டுகளில் பளபளப்பான அலுமினியக் கட்டியை வைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் கவசம் பூட்டி, நடுவில் விளக்கும் போட்டார்கள். சூட்டுக்குப் போர்வை போர்த்திய மாதிரி. இப்போது நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் படத்தைப் பெரிதாக்கித் தகடு இருக்கிறதா, வெறும் கட்டியா என்று பார்ப்பது நல்லது.

போர்டுகளைச் சோதித்து எழுதுபவர்கள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் சோதிக்கிறார்கள். ஹீட்சிங்க் செய்யக்கூடியதெல்லாம் அறைச் சூட்டுக்கு மேல் எத்தனை டிகிரி என்பதைக் குறைப்பதுதான். அங்கே 65 டிகிரி காட்டிய விஆர்எம், மே மாதத்து வேலூரில் ஏசி இல்லாத 38 டிகிரி அறையில் 80ஐத் தாண்டும். நம் ஊரில் படிக்கும்போது ஒவ்வொரு எண்ணோடும் பதினைந்தைக் கூட்டிப் படிக்க வேண்டும். இதோடு இன்னொன்று. பிராசஸருக்கு லிக்விட் கூலர் போடுகிறவர்கள், பழைய கோபுரக் கூலரின் பேன் பக்கத்திலிருந்த விஆர்எம்மின் மேலும் காற்று வீசிக்கொண்டிருந்ததை மறந்துவிடுகிறார்கள். பிராசஸர் குளிர்ந்து, விஆர்எம் வேகும். அது எல்லை தாண்டினால் பிராசஸரை வேகம் குறைக்கச் சொல்லிவிடும். அத்தனை செலவும் வீண். கேபினெட்டின் பின்பக்கம் ஒரு பேன் இருந்தால் இந்தப் பிரச்சினை பாதி தீரும்.

அடுத்தது, பயாஸில் எல்லோரும் தடுமாறும் ஓர் இடம். காலை ஆறு மணிக்குத் தெருவில் எல்லா வீட்டிலும் மோட்டார் போட்டதும் விளக்கு மங்கும். எல்லோரும் அணைத்ததும் ஒரு கணம் பிரகாசமாக எரியும். பிராசஸரிலும் இதேதான், நொடியில் லட்சத்தில் ஒரு பங்குக்குள். சும்மா இருந்த கோர்கள் திடீரென்று விழித்தால் வோல்டேஜ் சரியும். வேலை முடிந்து சட்டென்று ஓய்ந்தால், காயிலில் சேமித்திருந்த ஆற்றல் போக இடமில்லாமல் வோல்டேஜை மேலே தள்ளும். இதை எதிர்பார்த்தே, சுமை ஏறும்போது வோல்டேஜ் கொஞ்சம் இறங்கட்டும் என்று வேண்டுமென்றே வடிவமைக்கிறார்கள். கீழே இறங்கி நின்றால்தான் மேலே துள்ளும்போது கூரையில் இடிக்காது.

ஓவர்கிளாக் செய்பவருக்கு அந்த இறக்கம் எரிச்சல். சரிந்த கணத்தில்தான் விளையாட்டு உறைந்துபோகும். ஆகவே லோட்லைன் கேலிபரேஷன் என்ற அமைப்பில் சரிவை நிமிர்த்தலாம் என்று மதர்போர்டுகள் வழி வைத்திருக்கின்றன. முழுக்க நிமிர்த்தினால் திரையில் தெரியும் எண் கம்பீரமாக அசையாமல் நிற்கும். திரையில் தெரியாத துள்ளலோ அலைக்காட்டி வைத்துப் பார்த்தால்தான் தெரியும், பிராசஸரின் ஆயுளைக் கடிப்பது அதுதான். நடு அளவில் வைத்து, வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வதே என் வழக்கம். ஒரு நிறுவனத்தின் போர்டில் 1ஆம் நிலை மிகக் கடுமையானது. இன்னொன்றில் 8ஆம் நிலை மிகக் கடுமையானது. கையேட்டைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாத இடம் இது.

வோல்டேஜைக் கூட்டுவது என்றேன். அதற்கும் கணக்கு உண்டு. பிராசஸர் தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பவும் ஏறும். 5 கிகாஹெர்ட்ஸை 5.3 ஆக்க 1.25 வோல்ட்டை 1.35 ஆக்கினால், வேகம் 6 சதவீதம் கூடும். மின்சாரம் ஏறத்தாழ 24 சதவீதம் கூடும். அந்த 6 சதவீதமும், விளையாட்டைக் கிராபிக்ஸ் கார்டு இழுத்துப் பிடித்திருக்கும்போது கண்ணில் படாது. மருமகனிடம் இதைச் சொன்னபோது அவன் முகம் கொஞ்சம் வாடியது.

*

ரேம் விஷயத்துக்கு வருகிறேன். கேமிங் கம்ப்யூட்டரில் இன்று ஓவர்கிளாக் உண்மையிலேயே பலன் தரும் இடம் இதுதான், மதர்போர்டின் தரம் அப்பட்டமாகத் தெரியும் இடமும் இதுதான்.

டிடிஆர்5 ரேம் 6000 என்ற வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு கம்பியிலும் நொடிக்கு 600 கோடி பிட்கள் போகின்றன. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் நொடியில் அறுநூறு கோடியில் ஒரு பங்கு. மதர்போர்டின் தாமிரக் கோட்டில் சைகை அந்த நேரத்தில் போகும் தூரம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். ரேம் ஸ்லாட்டோ பிராசஸரிலிருந்து அதைவிடத் தள்ளி இருக்கிறது. ஒரு பிட் போய்ச் சேருமுன் பின்னாலேயே இன்னொன்று கிளம்பிவிடுகிறது. சேர்ந்து புறப்பட்ட பிட்கள் சேர்ந்தே போய்ச் சேர வேண்டுமானால் எல்லாக் கோடுகளின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். போர்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், சாக்கெட்டுக்கும் ரேமுக்கும் இடையே சில கோடுகள் நேராகப் போகாமல் சிக்குக் கோலம்போல் வளைந்து வளைந்து போவது தெரியும். குறுக்கு வழியில் முந்திவிடக்கூடிய கோட்டைச் சுற்றவிட்டு மற்றவற்றோடு சேர்த்துவிடும் ஏற்பாடு அது.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டிரண்டு ஸ்லாட்கள் ஒரே கோட்டைப் பகிர்கின்றன. ரேம் இல்லாமல் காலியாக இருக்கும் ஸ்லாட்டும் கோட்டிலிருந்து கிளைவிட்ட முட்டுச்சந்துதான். சைகை அதில் நுழைந்து மோதித் திரும்பி, பின்னால் வருவதைக் குழப்பும். இரண்டு ஸ்லாட்டிலும் ரேம் இருந்தால் சுமை இன்னும் அதிகம். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் எண்களே கதையைச் சொல்லிவிடும்: இரண்டு ரேமுக்கு 5200, நான்கு ரேமுக்கு 3600. பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று இப்போது 8 ஜிபி இரண்டு வாங்கி, அடுத்த வருடம் இன்னும் இரண்டு போட நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களைச் சுவரில் எழுதிவைக்கலாம். 16 ஜிபி இரண்டாக ஒரே தடவையில் வாங்கிவிடுவதுதான் வழி. உலக சாதனைக்கென்று செய்யும் போர்டுகளில் ரேமுக்கு இரண்டே ஸ்லாட் வைப்பதும் இதனால்தான். 2023 அக்டோபரில் ஒரு கோர் ஐ9 14900கேஎஃப் பிராசஸர் 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது அத்தகைய போர்டு ஒன்றில்தான். குளிர்விக்கத் திரவ ஹீலியம் ஊற்றினார்கள். மைனஸ் 269 டிகிரியில் கொதிக்கும் பொருள். அந்தப் போர்டை வாங்கிச் சாதாரணப் பேனோடு ஓட்டுவது, பந்தயக் காரில் மார்க்கெட்டுக்குப் போவதைப் போன்றது, போகலாம்தான்.

சிப்செட்டைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள், அவ்வளவு தேவையில்லை. ஏஎம்டியின் எக்ஸ்670 என்பது பி650ல் உள்ள அதே சில்லு, ஒன்றுக்குப் பதில் இரண்டாகக் கோத்தது. யுஎஸ்பியும் எஸ்எஸ்டியும் அதிகம் செருகலாம். ஓவர்கிளாக்கில் எள்ளளவும் வித்தியாசம் இல்லை. கிராபிக்ஸ் ஸ்லாட் நான்காம் தலைமுறையா ஐந்தா என்பதும் இன்றைய விளையாட்டுகளில் பெரிதாகத் தெரியாது.

சாக்கெட்டின் ஆயுள் அப்படியல்ல. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கு 2017ல் வாங்கிய பி350 போர்டு பலவற்றில், பயாஸை மட்டும் புதுப்பித்து 2022ல் வந்த 5800எக்ஸ்3டியைப் போட முடிந்தது. ஐந்து வருடம் கழித்துப் பிராசஸர் மாற்றுவது, எந்த ஓவர்கிளாக்கும் தராத வேகத்தைத் தரும். அந்தப் பயாஸ் புதுப்பிப்பில் ஒரு வேடிக்கை. பழைய போர்டுகளில் பயாஸ் சில்லின் கொள்ளளவு 16 எம்பிதான். ஐந்து வருடப் பிராசஸர்களின் விவரங்களையும் அதில் திணிக்க இடமில்லாமல் திண்டாடி, பின்னால் 32 எம்பி சில்லோடு போர்டுகளை வெளியிட்டார்கள். பயாஸைப் பற்றி நான் பார்ப்பது ஒன்றுதான்: பிராசஸரே இல்லாமல் பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் பொத்தான் பின்பக்கம் இருக்கிறதா? புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிற ஊரில் அந்தப் பொத்தான் காப்பீடு மாதிரி.

*

இத்தனைக்கும் மேலே ஒரு கேள்வி நிற்கிறது. இன்றைய பிராசஸர் தன்னைத்தானே ஓவர்கிளாக் செய்துகொள்கிறது. சூடு, மின்னோட்டம், வோல்டேஜ் மூன்றையும் நொடிக்குப் பலநூறு முறை அளந்து, எல்லை வரை தானே ஏறிக்கொள்கிறது. தொழிற்சாலை விட்டுவைத்த மிச்சத்தை நாம் அள்ளிய காலம் போய், இப்போது தொழிற்சாலையே வழித்து எடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறது. அப்புறம் மதர்போர்டு நிறுவனங்கள் எதில் போட்டி போடும்? வாங்கியவருக்குத் தெரியாமல் ஓவர்கிளாக் செய்வதில்.

13, 14ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர்களில் 2024ல் வெடித்த பிரச்சினை இதைச் சந்திக்குக் கொண்டுவந்தது. விளையாட்டுகள் பாதியில் நின்றன. கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்று திரையில் பிழைச்செய்தி வந்தது. பலர் குற்றமே செய்யாத கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். தோண்டியபோது முதலில் மாட்டியவை மதர்போர்டுகள். 253 வாட் என்று இன்டெல் சொன்ன இடத்தில் பல போர்டுகள், யாரும் கேட்காமலே, 4096 வாட் என்று போட்டுவைத்திருந்தன. இஸ்திரிப் பெட்டி நான்கைச் சேர்த்தாற்போல் ஒரு வரம்பு! ஒப்பீட்டுப் பட்டியலில் பக்கத்துப் போர்டைவிட ஒரு சதவீதம் முந்துவதற்காக. ஆனால் மூலக் குற்றவாளி வேறு. பிராசஸரே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே கடிகாரத் துடிப்பைப் பரப்பும் சுற்று அதனால் தேய்ந்துபோனது. இன்டெல் மைக்ரோகோடைத் திருத்தி 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி தடுத்தது. உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. தேய்ந்தது தேய்ந்ததுதான், எந்தத் திருத்தமும் அதை மீட்காது. ஏஎம்டி பக்கமும் சுத்தமில்லை. 2023 ஏப்ரலில் சில 7000 வரிசைப் பிராசஸர்கள் சாக்கெட்டோடு கருகின. ரேமின் வேக அமைப்பைப் போட்டதும் போர்டுகள் அதன் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு அளவுக்கு மீறி வோல்டேஜ் ஏற்றியிருந்தன. அதன்பின் அதற்கு 1.3 வோல்ட் என்று ஏஎம்டி கூரை போட்டது.

எனவே போர்டு வாங்கியதும் நான் செய்யும் முதல் வேலை, பயாஸைப் புதுப்பித்துவிட்டு, அது எனக்காகத் தானே ஏற்றிவைத்த 'மேம்பாடு'களை அணைப்பது. வேகம் கூட்டுவதை அதன்பிறகு நானே ஆரம்பிப்பேன். அதுவும் இப்போதெல்லாம் வோல்டேஜைக் குறைப்பதில்தான் ஆரம்பிக்கிறது. ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பு, ஒவ்வொரு கோருக்கும் எவ்வளவு வோல்டேஜ் குறைத்துக் கொடுத்தால் தாங்கும் என்று பார்க்க இடம் தருகிறது. வோல்டேஜ் குறைந்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் பிராசஸர் தானாகவே இன்னும் ஏறும். ஒரே வார்ப்பில் பிறந்த சில்லுகளிலும் ஒன்று தாங்குவதை இன்னொன்று தாங்காது என்பதால், நண்பரின் எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ள முடியாது. ராத்திரி உட்கார்ந்து நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். படிகத்தைப் பிடுங்கி மாற்றிய காலத்துச் சுகத்தில் மிச்சமிருப்பது இந்த ராத்திரிதான் என்று எனக்குத் தோன்றும்.

மருமகன் 14 பேஸ் போர்டையே வாங்கினான். மிச்சமான பணம் கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி மேலே ஏறப் போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தனியாகவே அசெம்பிள் செய்தான். இரவு பத்தரைக்குப் போன் வந்தது.

"மாமா, பேன் எல்லாம் சுத்துது, ஸ்க்ரீன் கறுப்பா இருக்கு. மூணு நிமிஷம் ஆச்சு. போர்டு போச்சு போல."

"ஆஃப் பண்ணிட்டியா?"

"இல்ல, பண்ணப்போறேன்."

"கை வைக்காதே. ரேமுக்கு டிரெயினிங் நடக்குது."

அந்தச் சிக்குக் கோலங்களின் வழியே பிராசஸர் ரேமுக்குச் சோதனைச் சைகைகளை அனுப்பி, எந்தக் கோட்டில் எது எத்தனை நுண்கணம் தாமதமாகப் போய்ச் சேருகிறது என்று அளந்துகொண்டிருந்தது. டிடிஆர்5 போர்டு முதல்முறை விழிக்கும்போது இதற்குச் சில நிமிடங்கள் எடுக்கும். பெட்டியில் எங்கோ ஒரு மூலையில் இதை அச்சடித்திருப்பார்கள், யார் படிக்கிறார்கள்.

போனை வைக்காமல் இரண்டு பேரும் காத்திருந்தோம். அவன் பக்கம் பேன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம், "வந்துருச்சு மாமா" என்றான்.